இப்னு பதூதா தங்கிய வீடுகள்



உலகம் சுற்றியவர்களின் சரித்திரத்தைச் சொல்லும்போது, அவர் எத்தனை நாடு பார்த்தார், எந்த அரசரின் கையால் வெகுமதி பெற்றார் என்பதையே எல்லோரும் சொல்லுவார்கள். இரவு எங்கே படுத்தார், யாருடைய சோற்றை உண்டார், அந்த வீட்டுக் கதவைத் திறந்துவிட்டவர் யார் என்று விசாரிப்பவர் குறைவு. கடை வைத்துப் பிழைக்கும் நமக்கு அந்த விஷயமே முக்கியமாகப் படுகிறது. ஆகையால் பயணிகளுக்கெல்லாம் தலைவர் என்று சொல்லத்தக்க இப்னு பதூதா அவர்களின் சரித்திரத்தை, அவர் தங்கிய இடங்களை வைத்தே இங்கே சொல்ல முற்படுகிறோம்.

அன்னாரின் பெயர் அபூ அப்துல்லாஹ் முஹம்மது. மொராக்கோ நாட்டின் வட கோடியில் உள்ள தன்ஜா என்னும் டாஞ்சியர் பட்டணத்தில், ஹிஜ்ரி 703 ரஜப் 17, அதாவது 1304-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-இல் பிறந்தார். லவாத்தா என்னும் பெர்பர் குலத்தவர். குடும்பம் காஜிமார் குடும்பம். சட்டம் படித்து ஊரிலேயே ஒரு பதவியில் அமர்ந்திருக்கலாம். ஆனால் ஹஜ்ஜின் மேல் வைத்த ஆசையால், 1325-ஆம் ஆண்டு ஜூன் 14-இல், தம்முடைய 21-ஆம் வயதில், தாயையும் தந்தையையும் விட்டுத் தனியாகப் புறப்பட்டார். கூட ஒரு தோழர் கூட இல்லை. மக்கா போய்த் திரும்ப ஒன்றிரண்டு ஆண்டு ஆகுமென்று வீட்டார் நினைத்திருப்பார்கள். அவர் ஊர் திரும்ப 24 ஆண்டுகள் ஆயின. அதற்குள் தாயும் தந்தையும் மௌத்தாகிவிட்டார்கள்.

வழியில் காய்ச்சல் கண்டது. தங்கினால் துணை போய்விடும் என்று பயந்து, தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பிரயாணம் செய்தார். துனிஸ் பட்டணத்துக்குள் கூட்டம் நுழைந்தபோது, ஊரார் எதிர்கொண்டு வந்து அவரவருக்குத் தெரிந்தவர்களைக் கண்டு ஸலாம் சொன்னார்கள். இவரை அறிந்தவர் அங்கே ஒருவருமில்லை. நடுத்தெருவில் நின்று கண்ணீர் விட்டு அழுதார். கூட வந்த ஹாஜி ஒருவர் அதைக் கவனித்து, பக்கத்தில் வந்து ஸலாம் சொல்லி, ஊருக்குள் போய்ச் சேரும்வரை ஆறுதலாகப் பேசிக்கொண்டே வந்தார். அன்று அவர் இறங்கியது புத்தக வியாபாரிகளின் பெயரால் வழங்கிய ஒரு மத்ரஸாவில். பின்னாளில் எத்தனையோ அரண்மனைகளில் தங்கியவர், துனிஸில் கிடைத்த அந்த ஒரு ஸலாமையும் மறக்காமல் தம் சரித்திரத்தில் எழுதச் செய்தார்.

மிஸ்ரு தேசத்தில், நைல் நதி ஓரத்துச் சிற்றூர் ஒன்றில் ஷைகு முர்ஷிதி என்னும் பெரியவர் இருந்தார். அவருடைய மடத்தில் இடம் கேட்டபோது, கோடை காலமானதால் மொட்டை மாடியில் படுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு தோல் விரிப்பு, ஒளூச் செய்யத் தண்ணீர், குடிக்க ஒரு குவளை. அவ்வளவுதான் அந்த மாடியில். அன்றிரவு ஒரு பெரிய பறவை தம்மைச் சிறகில் ஏற்றிக் கிப்லாத் திசையிலும், யமனுக்கும், கிழக்கேயும் கொண்டுபோய், கடைசியில் இருண்ட பசுமையான தேசமொன்றில் இறக்கிவிட்டதாகக் கனவு கண்டார். அவர் மக்காவோடு நில்லாமல் இந்தியாவுக்கும் போவார் என்று ஷைகு அந்தக் கனவுக்குப் பொருள் சொன்னார்.

மிஸ்ருக்கும் ஷாமுக்கும் நடுவே இருப்பது ஸினாய் பாலைவனம். ஒவ்வொரு தங்கலிலும் கான் எனப்படும் ஒரு சத்திரம் உண்டு. முஸாபிர்கள் தங்கள் வாகன மிருகங்களோடு அதில் இறங்கலாம். சத்திரத்துக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டியும், மனிதனுக்கும் மிருகத்துக்கும் வேண்டியதை வாங்கிக்கொள்ள ஒரு கடையும் இருந்தன. நடுப்பாலைவனத்தில் ஒரு கடை! அதை நடத்தியவரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் 700 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அந்தத் தொழில் சகோதரரை எண்ணி நாம் சந்தோஷப்படுகிறோம்.

அந்த வழியைக் காவல் செய்த விதமும் விசித்திரமானது. இரவில் கத்யா என்னும் சுங்கச் சாவடிக்கு அருகே மணலை நிரவி, ஒரு தடமும் இல்லாமல் சமமாக்கிவிடுவார்கள். காலையில் அதிகாரி வந்து பார்ப்பார். மணலில் காலடி தெரிந்தால் யாரோ திருட்டுத்தனமாகக் கடந்திருக்கிறார்கள் என்று அறிந்து, அரபிகளை ஏவிப் பிடித்துவரச் செய்வார். பூட்டும் மதிலும் இல்லாத இடத்தில் மணலே காவல்காரனாக இருந்தது.

டமாஸ்கஸ் பட்டணத்தில் அவர் கண்டு வியந்தது வக்பு தர்மங்களை. ஹஜ்ஜுக்குப் போக இயலாதவருக்கு ஒரு வக்பு, ஏழைப் பெண்ணின் கலியாணச் செலவுக்கு ஒரு வக்பு, முஸாபிர்களுக்கு உணவும் உடையும் வழிச்செலவும் கொடுக்க ஒரு வக்பு. இவற்றோடு பாத்திரங்களுக்கும் ஒரு வக்பு. ஓர் அடிமைச் சிறுவன் எஜமானின் சீனத்துப் பீங்கான் தட்டைத் தெருவில் கைதவறி உடைத்துவிட்டான். சுற்றியிருந்தவர்கள் சில்லுகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வக்பு காரியஸ்தரிடம் போகச் சொன்னார்கள். அவர் சில்லுகளைப் பார்த்துவிட்டு, அதேபோல் தட்டு வாங்கப் பணம் கொடுத்தனுப்பினார். அந்தச் சிறுவன் அன்று அடியிலிருந்து தப்பினான்.

1326-இல் அன்னார் தம் முதல் ஹஜ்ஜை முடித்தார். அங்கிருந்து ஈராக் கூட்டத்தோடு பகுதாது திசையில் புறப்பட்டார். கூட்டத்தின் தலைவர் தம் சொந்தச் செலவில் ஒட்டகச் சிவிகை ஒன்றின் பாதியை இவருக்காக வாடகைக்கு எடுத்துக் கொடுத்தார். ஒட்டகத்தின் இரு பக்கமும் தொங்கும் தொட்டிலில் ஒரு பக்கம் இவர், மறுபக்கம் இன்னொருவர். ஒட்டகம் நடக்க நடக்க ஆடும் அந்த அரைத் தொட்டிலே பல வாரங்கள் அவருக்கு வீடு. இரவுப் பிரயாணத்தில் தீவட்டிகளை ஏற்றி இருட்டைப் பகலாக்கினார்கள். நடக்க மாட்டாத ஏழைகளுக்கு ஒட்டகமும், தாகித்தவருக்குத் தண்ணீரும், பெரிய செம்புக் கொப்பரைகளில் சமைத்த உணவும் தர்மமாகக் கிடைத்தன.

அந்த வழியிலிருந்த தொட்டிகளும் குளங்களும் கிணறுகளும் கலீபா ஹாரூன் ரஷீதின் மனைவியார் ஜுபைதா நாச்சியாரின் தர்மம் என்று இப்னு பதூதா எழுதச் செய்திருக்கிறார். அந்த அம்மையார் மௌத்தானது 831-ஆம் ஆண்டில். இவர் போனதோ 1326-இல். ஒரு பெண்மணி வெட்டிவைத்த தண்ணீரை ஏறக்குறைய 500 ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு கூட்டம் குடித்துக்கொண்டு நடந்தது. கல்லில் தொட்டி கட்டியவர்கள் போய்விட்டார்கள், கலீபாக்களின் ஆட்சியும் 1258-இல் பகுதாதில் முடிந்துவிட்டது. தண்ணீர் மட்டும் நின்றது.

சில ஆண்டுகளுக்குப் பிறகு அன்னார் துருக்கி நாட்டுக்கு வந்தார். அந்தாலியா பட்டணத்தில் பழைய உடையும் கம்பளித் தொப்பியும் அணிந்த ஒருவர் வந்து தம்மையும் தோழர்களையும் விருந்துக்கு அழைத்தார். இந்த ஏழை எப்படி நம் எல்லோருக்கும் சோறு போடுவார் என்று இப்னு பதூதா ஆச்சரியப்பட்டார். விசாரித்தபோது, அவர் செருப்புத் தைக்கும் தொழிலாளி என்றும், பல தொழில் செய்யும் ஏறக்குறைய 200 பேருக்குத் தலைவர் என்றும் தெரிந்தது. அகீ என்று அழைக்கப்பட்ட அந்தக் கூட்டத்தார் ஒரு விருந்தினர் மாளிகையைக் கட்டியிருந்தார்கள். பகலெல்லாம் உழைத்துச் சம்பாதித்ததை அஸருக்குப் பிறகு தலைவரிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதைக்கொண்டு பழமும் உணவும் வாங்குவார்கள். அன்று ஊருக்குள் ஒரு முஸாபிர் வந்தால் அவருக்கு அங்கே இடமும் சாப்பாடும் உண்டு. யாரும் வராவிட்டால் தாங்களே கூடி உண்டு, மறுநாள் வேலைக்குப் போவார்கள்.

லாதிக் என்னும் ஊரில் இன்னும் வேடிக்கை. கடைவீதியில் இவர்கள் போகும்போது சில கடைக்காரர்கள் இறங்கி வந்து குதிரைக் கடிவாளத்தைப் பிடித்தார்கள். வேறு சிலர் வந்து அவர்களைத் தடுத்தார்கள். வாக்குவாதம் முற்றிக் கத்தியை உருவினார்கள். மொழி தெரியாத இப்னு பதூதா, கொள்ளைக்காரர் கையில் அகப்பட்டோம் என்று நடுங்கினார். அரபி தெரிந்த ஒருவர் வந்து சண்டையின் காரணத்தைச் சொன்னார். அவர்கள் இரண்டு அகீக் கூட்டத்தார். விருந்தாளி யாருக்கு என்பதே வழக்கு. கடைசியில் சீட்டுப் போட்டுப் பார்த்து, வென்றவர் முதலில் அழைத்துப் போனார்கள். மற்றவர்கள் அடுத்த முறைக்குக் காத்திருந்தார்கள். இன்று நம் கடைத்தெருவில் வாடிக்கைக்காரருக்காகச் சண்டை நடப்பதுண்டு. விருந்தாளிக்காக நடந்ததாக நாம் கேட்டதில்லை.

கருங்கடலுக்கு வடக்கே தாத்தாரி சமவெளியில் அவருக்கு வாய்த்தது சக்கரத்தின் மேல் வீடு. நான்கு சக்கர வண்டியின் மேல் மெல்லிய மரச்சட்டங்களைக் கட்டி, கம்பளத்தால் மூடிய கூடாரம் அது. கம்பிச் சன்னல்கள் வழியே உள்ளிருப்பவர் வெளியே பார்க்கலாம். வெளியில் இருப்பவருக்கு உள்ளே தெரியாது. வண்டி ஓடும்போதே உள்ளே தூங்கலாம், உண்ணலாம், ஓதலாம், எழுதலாம். பிறகு குவாரிஸம் போகும் வறண்ட வெளியை ஏறக்குறைய 30 நாட்கள் ஒட்டகம் இழுத்த வண்டியில் வேகமாகக் கடந்தார்.

1333 செப்டம்பரில் சிந்து நதிக்கரையை அடைந்து, டில்லியில் முஹம்மது பின் துக்ளக்கிடம் காஜியாகப் பல ஆண்டுகள் இருந்தார். பொன்னும் மாளிகையும் கிடைத்தன; உயிருக்கு ஆபத்தும் வந்தது. பின்பு சுல்தான் இவரைச் சீனச் சக்கரவர்த்திக்குத் தூதராக அனுப்பினார். அலிகார் அருகே கொள்ளைக்காரர் கையில் சிக்கித் தப்பி, பல நாள் காட்டிலும் வயலிலும் ஒளிந்து திரிந்தார். ஓர் இரவு பாழூர் ஒன்றில், தானியம் கொட்டும் பெரிய குதிர் போன்ற ஒன்றைக் கண்டார். அடியில் ஓர் ஆள் நுழையுமளவு துவாரம். உள்ளே வைக்கோல். தலைக்கு ஒரு கல். மேலே ஒரு பறவை இரவு முழுவதும் சிறகடித்துக்கொண்டிருந்தது. அது தம்மைக் கண்டு அஞ்சுகிறது, தாமோ உலகத்தைக் கண்டு அஞ்சுகிறோம் என்று எண்ணி அங்கேயே விடியும்வரை கிடந்தார். சக்கரவர்த்திக்கு ஆயிரம் பரிசுகளோடு போன தூதருக்கு அல்லாஹ் அன்று கொடுத்த அறை அந்தக் குதிர்தான்.

மலபார்க் கரையின் சாலையை அவர் மனமாரப் புகழ்ந்திருக்கிறார். கொல்லம்வரை இரண்டு மாத வழி முழுவதும் மரநிழல். அரை மைலுக்கு ஒரு மரவீடு. அதில் எந்தச் சமயத்தவரும் உட்காரத் திண்ணை. பக்கத்தில் ஒரு கிணறு. தண்ணீர் இறைத்து ஊற்ற ஓர் ஆள். அதே கரையில் கள்ளிக்கோட்டைத் துறையில் புயலடித்துத் தூதுக்குழுவின் கப்பல் உடைந்தது. ஜும்ஆவுக்காகக் கரையில் தங்கியதால் இவர் தப்பினார். கையில் மிஞ்சியது 10 தீனாரும் படுத்திருந்த விரிப்பும்.

பிறகு மாலத்தீவில் காஜி வேலை பார்த்தார். இலங்கையில் பாவா ஆதம் மலைக்கு, சங்கிலிகளைப் பிடித்து ஏறி, யாத்திரிகர்களின் வழக்கப்படி கிள்ரு குகையில் 3 நாட்கள் தங்கினார். அங்கிருந்து நம் தமிழ்க் கரைக்கு வரும்போதும் கப்பல் தரைதட்டியது. அப்போது மதுரையை ஆண்டவர் கியாஸுத்தீன் தாமகானி. அவர் இவருக்கு உறவுமுறைக்காரர். இருவரும் அக்காள் தங்கையை மணந்தவர்கள். ஆயினும் அந்தச் சுல்தான் இந்துக் குடிகளையும், அவர்களின் பெண்டு பிள்ளைகளையும் கொன்ற கொடுமையை இப்னு பதூதா மூடி மறைக்கவில்லை. அருவருப்பான செயல் என்றே பதிவு செய்தார். உறவையும் பதவியையும் பார்த்து அவர் சாட்சியைத் திருத்தவில்லை. மதுரையில் கொள்ளைநோய் பரவியபோது இவருக்கும் கடும் காய்ச்சல் வந்து உயிர்போகும் நிலை. ஒரு ராத்தல் அளவு புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார். 3 நாட்களில் குணமானார். நம் வீட்டு அடுப்படிப் புளி அன்னாருக்கு மருந்தாயிற்று.

1345–46 வாக்கில், மலாக்கா நீரிணையின் அக்கரையில், சுமத்ராவின் வடபகுதியிலுள்ள பாசை நாட்டில் இறங்கினார். கிள்ளான் துறைமுகத்திலிருந்து பார்த்தால் நமக்கு எதிர்க்கரைத் தேசம். அங்கே தோட்டம் ஒன்றின் நடுவில் மரவீடு கொடுத்தார்கள். பிரம்புக் கட்டிலில் பட்டு மெத்தை, மெல்லிய போர்வை, தலையணை. வந்தவர் களைப்பு ஆறட்டும் என்று 3 நாட்கள் கழித்தே அரசரைக் காண அழைப்பது அந்த நாட்டு வழக்கம். வந்தவுடன் காகிதத்தைக் கேட்காமல், முதலில் தூங்கவிட்ட மலாய்க்கரைப் பண்பை இங்கே குறித்து வைக்கிறோம்.

சீனாவைப் பார்த்து 1349-இல் மொராக்கோ திரும்பியவர், ஸ்பெயின் தேசத்துக் கிரனாடாவுக்கும் போய் வந்தார். அதன் பிறகும் கால் நிற்கவில்லை. எஞ்சியிருந்தது சஹாரா. 48 வயதில், நம் வயதுக்காரராக இருந்தபோது, பூமியிலேயே பெரிய வெப்பப் பாலைவனத்தைக் கடக்கத் துணிந்தார்.

பாலைவனத்தின் வாசலான ஸிஜில்மாஸாவில் அல்புஷ்ரி என்னும் ஆலிமின் வீட்டில் தங்கினார். இவருடைய சகோதரரை இப்னு பதூதா முன்பு சீனாவில் சந்தித்திருக்கிறார்! ஒரே தாயின் பிள்ளைகளில் ஒருவர் சீனாவில், ஒருவர் சஹாராவின் ஓரத்தில். இருவரையும் ஒரே மனிதர் கண்டார். அங்கே ஒட்டகங்களை வாங்கி, 4 மாதத்துக்குத் தீனி போட்டு வளர்த்து, ஹிஜ்ரி 753 முஹர்ரம் பிறை 1-இல், அதாவது 1352 பிப்ரவரியில், வியாபாரிகளின் ஒட்டகக் கூட்டத்தோடு புறப்பட்டார்.

25 நாட்கள் சென்றபின் வந்தது தகாஸா. இன்றைய மாலி நாட்டின் வடகோடியில் உள்ள இடம். அந்த ஊரின் வீடுகளும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டப்பட்டிருந்தன. கூரை ஒட்டகத் தோல். மரம் ஒன்றுகூட இல்லை. மண்ணைத் தோண்டினால் அடுக்கடுக்காக உப்புப் பாளம். ஓர் ஒட்டகம் இரண்டு பாளம் சுமக்கும். மழை இல்லாத பூமியாதலால் உப்புச் சுவர் நின்றது. நம் கிள்ளானில் கட்டினால் ஒரு பிற்பகல் மழைக்குக் கரைந்து காணாமற் போகும். குடிநீரும் உப்பு, ஈக்களோ கணக்கில்லை. 10 நாட்களை அங்கே மிகுந்த கஷ்டத்தோடு கழித்ததாக அவர் சொல்லியிருக்கிறார்.

வியாபாரக் கணக்கையும் விடவில்லை. அந்த உப்பு ஒரு சுமை வலாத்தா என்னும் ஊரில் 8 முதல் 10 மிஸ்கால் தங்கத்துக்கு விற்றது. மாலி நகரத்தில் 20, 30, சில சமயம் 40 மிஸ்கால். அங்கே உப்பைத் துண்டு துண்டாக வெட்டி நாணயமாகவே புழங்கினார்கள்.

சகோதரர்களே, இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். உப்பு வீட்டை ஒரு விந்தையாகப் பார்த்துவிட்டுப் பயணி 10 நாளில் போய்விட்டார். அங்கேயே குடியிருந்தவர்கள் யார்? மஸூஃபா குலத்தாருக்கு அடிமைகளாக இருந்து உப்பு வெட்டியவர்கள். வேறு யாரும் அங்கே வசிக்கவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். தூர தேசத்திலிருந்து வரும் பேரீச்சம்பழமும் தினையும், ஒட்டக மாமிசமும் அவர்கள் உணவு. கூட்டம் வராவிட்டால் அதுவும் இல்லை. சுவரெல்லாம் தங்க விலை போகும் சரக்கு; அந்தச் சுவருக்குள் படுத்தவருக்குத் தம் உடம்பே சொந்தமில்லை. விருந்தாளிக்கு விந்தையான வீடு, போக வழியில்லாதவனுக்குச் சிறை.

தகாஸாவுக்கு அப்பால் 10 நாள் தண்ணீரில்லாத வெளி. அவ்வாண்டு மழைத்தேக்கங்கள் சில கிடைத்தன. பேன் தொல்லைக்காகப் பாதரசம் தடவிய நூலைக் கழுத்தில் கட்டிக்கொண்டார்கள். கூட்டத்தில் ஒருவர் தம் மாமன் மகனோடு சண்டை போட்டுக்கொண்டு, கோபத்தில் பின்தங்கினார். கூட்டம் இறங்கியபோது அவரைக் காணோம். தேடியும் கிடைக்கவில்லை. அதன் பிறகு இப்னு பதூதா கூட்டத்தை விட்டு முன்னாலும் போகவில்லை, பின்னாலும் தங்கவில்லை.

அந்த வெளியின் முடிவில் தாஸரஹ்லா என்னும் நீர்நிலை. அங்கே 3 நாள் இளைப்பாறித் துருத்திகளைத் தைத்துத் தண்ணீர் நிரப்புவார்கள். அங்கிருந்துதான் தக்ஷீஃப் என்று பெயர்பெற்ற ஆளை முன்னால் அனுப்புவது. அவன் தனியாக மணற்காட்டைத் தாண்டி வலாத்தாவுக்குக் கடிதங்களைக் கொண்டுபோக வேண்டும். கடிதத்தில் எழுதியிருப்பது இரண்டு விஷயம்: நாங்கள் தங்க வீடு பார்த்து வையுங்கள்; நான்கு நாள் வழி எதிரே வந்து தண்ணீர் கொடுங்கள். ஊரில் சிநேகிதர் உள்ளவர் சிநேகிதருக்கு எழுதுவார். அறிமுகமே இல்லாதவர், நல்லவர் என்று பெயரெடுத்த ஒரு வியாபாரிக்கு எழுதுவார். முகம் தெரியாத மனிதரின் கடிதத்தைக் கண்டு அந்த வியாபாரியும் தண்ணீரோடு புறப்படுவார். தக்ஷீஃப் வழியில் செத்துப்போனால் கடிதம் சேராது. கூட்டத்தில் பெரும்பாலோர் தாகத்தால் மடிவார்கள்.

இவர்கள் 100 மிஸ்கால் தங்கம் கொடுத்து அமர்த்திய தக்ஷீஃபுக்கு ஒரு கண் இல்லை. மறு கண்ணும் நோயுற்றது. ஆனால் அவனைவிட வழி தெரிந்தவன் இல்லை. புறப்பட்ட ஏழாவது இரவு, தூரத்தில் நெருப்புகள் தெரிந்தன. தண்ணீர் கொண்டு எதிர்கொள்ள வந்தவர்கள் மூட்டிய நெருப்பு அது. அதைக் கண்டு கூட்டம் அடைந்த சந்தோஷத்தை நாம் எழுதிக் காட்ட முடியாது. ஸிஜில்மாஸாவிலிருந்து முழுதாக இரண்டு மாதம் கழித்து வலாத்தா சேர்ந்தார்கள். ஸலா நகரத்தைச் சேர்ந்த நல்லவர் ஒருவருக்கு இப்னு பதூதா எழுதியிருந்த கடிதத்தின்படி, அவருக்கு ஒரு வீடு வாடகைக்கு எடுத்து வைக்கப்பட்டிருந்தது.

அங்கிருந்து மாலி நகரம் போகும் வழியில் பிரம்மாண்டமான மரங்கள் நின்றன. நம் ராமநாதபுரக் கரையிலும் மன்னாரிலும் பெருக்கமரம், ஆனைப்புளி என்று சொல்லும் இனம். ஒரு மரத்தின் பொந்துக்குள் நெசவாளி ஒருவர் தறி போட்டு நெய்துகொண்டிருந்தார். வாடகையில்லாத கடை! மாலி அரசர் மன்ஸா சுலைமான் இவருக்கு அனுப்பிய வரவேற்புப் பரிசு மூன்று ரொட்டி, ஒரு துண்டு பொரித்த மாட்டிறைச்சி, ஒரு குடுக்கைத் தயிர். பட்டாடையை எதிர்பார்த்தவர் சிரித்துவிட்டார். டில்லிப் பொன்னைக் கண்ட கண்ணுக்கு அது குறைவாகப் பட்டது. ஆனால் அந்த நாட்டில் முஸாபிர் திருடனுக்கோ கொள்ளைக்காரனுக்கோ அஞ்ச வேண்டியதில்லை என்பதையும், மக்கள் தொழுகையைப் பேணியதையும் மறவாமல் புகழ்ந்தார்.

1353-இல் தகத்தா என்னும் ஊரிலிருந்து பெரிய கூட்டத்தோடு திரும்பினார். அந்தக் கூட்டத்தில் 600 அடிமைப் பெண்கள் இருந்தார்கள் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கிறார். அவர்கள் இரவில் எங்கே படுத்தார்கள் என்று சொல்லவில்லை. எல்லா வீட்டையும் எழுதிய அந்தப் புத்தகத்தில் எழுதப்படாத படுக்கை அது.

1354-இல் பாஸ் நகரம் திரும்பினார். சுல்தான் அபூ இனானின் கட்டளைப்படி தம் பிரயாணங்களைச் சொல்ல, இப்னு ஜுஸை என்னும் கிரனாடாக்காரர் எழுதினார். 1355 டிசம்பரில் சொல்லி முடித்தார். அன்னார் நடந்தும் கடலோடியும் கடந்த தூரம் 70,000 மைலுக்கு மேல் இருக்குமென்று பின்னால் வந்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். கடைசிக் காலத்தில் மொராக்கோவில் காஜியாக இருந்து, 1368 அல்லது 1369-இல் மௌத்தானார். அவருடைய கிதாபு 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் அச்சிட்ட பிறகே உலகம் முழுவதும் பரவிற்று.

இந்தச் சரித்திரத்தில் நமக்கு என்ன இருக்கிறது?

1901-இல் திறக்கப்பட்ட போர்ட் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்தில், 1972 முதல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர்பெற்ற அதே இடத்தில், நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா முதலிய கப்பல்களில் நம் பெரியவர்கள் வந்து இறங்கினார்கள். பலர் கையில் ஒரு பெட்டி, மடியில் ஒரு கடிதம். இன்ன கடைக்காரருக்கு இன்ன ஊர்க்காரர் எழுதியது. கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கடை மாடியில், அரிசி மூட்டைக்கும் வெங்காய மூட்டைக்கும் நடுவே பாய் விரித்துத்தான் அவர்கள் முதல் இரவைக் கழித்தார்கள். அதுவும் ஒரு விசித்திர வீடுதான். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு மேலே போய்ப் படு தம்பி என்று இடம் கொடுத்த முதலாளி, நம் சமூகத்தின் வலாத்தா வியாபாரி. நம்மில் எத்தனையோ பேருடைய கடையும் வீடும் பிள்ளைகளின் படிப்பும் அந்தப் பாய் அளவு இடத்திலிருந்து முளைத்தவை.

அதே காலத்தில் தோட்டத்து லயத்தில் படுத்தவர்களும் நம் தமிழ்ச் சகோதரர்களே. அவர்கள் பாலை வெட்டினார்கள். ரப்பர் உலகமெல்லாம் போயிற்று. பலர் அந்த லயத்தைவிட்டுப் போக வழி காணவில்லை. இன்று கட்டட வேலை நடக்கும் இடங்களில், தகரம் அடித்த கொங்சியில் வேற்று நாட்டுத் தொழிலாளர்கள் படுக்கிறார்கள். அவர்களில் தமிழ் பேசுகிறவர்களும் உண்டு, வங்காளிகளும் உண்டு, ஜாவாக்காரர்களும் உண்டு. இரவு கடையைச் சாத்தும் நேரத்தில் ரொட்டியும் முட்டையும் வாங்க வருகிறவர்கள் அவர்கள்தான். நாம் சில்லறையை எண்ணிக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். எங்கே தங்குகிறாய், காய்ச்சலுக்கு மருந்து இருக்கிறதா என்று கேட்க அரை நிமிஷம் போதும்.

பாலைவனத்தைத் தாண்டியவர் என்று உலகம் இப்னு பதூதாவைப் புகழ்கிறது. அவரைத் தாண்டச் செய்தவர்கள் தண்ணீர்த் தொட்டி கட்டிய அம்மையார், மாலையில் கூலியைக் கொண்டுவந்து வைத்த செருப்புத் தொழிலாளி, கடிதத்தைக் கண்டு நாலுநாள் வழி எதிரே நடந்த வியாபாரி ஆகியோரே. அவர்களில் பெரும்பாலோர் நம்மைப்போல் கடையும் தொழிலும் உள்ளவர்கள். அந்தாலியாக்காரர்கள் செய்தது பெரிய காரியமும் அல்ல. அன்றாட வருமானத்தில் ஒரு பங்கை அன்றே எடுத்து வைத்தார்கள், அவ்வளவே. கடைக்கு ஓர் உண்டியல் வைத்து, புதிதாக வந்து இடமில்லாமல் நிற்கும் ஒருவருக்கு ஒரு வார அறை வாடகை கொடுக்க நம் கடைத்தெருவால் முடியாதா? அங்கத்தினர்கள் இதை யோசித்து, அடுத்த கூட்டத்தில் பேச வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

நம் கதவைத் தட்டுகிறவருக்குத் திறந்து கொடுக்கும் மனத்தையும், அதற்கு வேண்டிய பரக்கத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.